கண்ணாடி கொடுத்த சிஸ்டருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நாக்குப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து எடுத்த ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்துவிட்டது. நேற்று மாலைதான் டாக்டர் சொன்னார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கூடவே நின்றவர்கள் நீங்கள். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. மனசு நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சிஸ்டரைப் பற்றி. பெயரைப் பொதுவில் போடுவதை விரும்புவாரோ என்னவோ, அதனால் போடவில்லை. இரவு ஷிஃப்டில் இருந்தவர். படித்தால் அவருக்கே தெரியும்.

நாக்கின் ஓரத்தில் வெட்டி எடுத்த இடத்தில், என் முன்கையிலிருந்து எடுத்த தோலை வைத்துத் தைத்திருந்தார்கள். ஃப்ளாப் என்பார்கள். அந்தத் தோலோடு வந்த ரத்தக்குழாய்களைக் கழுத்திலுள்ள ரத்தக்குழாய்களோடு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இணைப்பார்கள். இணைப்பு அடைத்துக்கொண்டால் ஒட்டு பிழைக்காது. அதனால் முதல் சில இரவுகளில் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளுத்தால் ரத்தம் உள்ளே போகவில்லை. நீலம் பாரித்தால் போன ரத்தம் திரும்பி வரவில்லை. எதுவானாலும் உடனே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரமெல்லாம் அந்த சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். டார்ச்சை அணைத்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்பார். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு அது போதும்.

ஆனால் வாய்க்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் படுத்துக் கிடப்பது தனி பயம். தொண்டையில் குழாய், பேச்சு கிடையாது. வீக்கத்தில் எது பல், எது ஈறு, எது நாக்கு என்றே உணர முடியவில்லை. டாக்டர்கள் பார்த்தார்கள், மாணவர்கள் பார்த்தார்கள், என் மகள்கூடப் பார்த்துவிட்டாள். என் வாயை நான் மட்டும் பார்க்கவில்லை.

வீக்கம் வடிந்த பிறகு ஓர் இரவு அவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடியோடு வந்தார். "பாக்குறீங்களாம்மா?" வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் வற்புறுத்தவில்லை. "ஃப்ளாப்பைப் பாக்க வேணாம், அதை நான் பாத்துக்கறேன். நல்லா இருக்கறதை மட்டும் பாருங்க" என்றார்.

ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கன்னத்திலிருந்து தொடங்கினார். மேல் வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தின் உட்புறத்தில் ஒரு சின்ன மேடு. நம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அந்த இரவுதான் தெரியும். காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தை வெளியே மெதுவாக நீவிவிட்டார். அந்த மேட்டின் நுனியில் ஒரு சொட்டு எச்சில் ஊறி வந்து நின்றது. கண்ணாடி போலத் தெளிவு. "பாத்தீங்களா, உங்க சுரப்பி அது வேலையை விடவே இல்ல" என்றார். உமிழ்நீர்ச் சுரப்பிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்குமாம். அந்த ஒரு சொட்டைப் பார்த்துத்தான் நான் ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாக அழுதேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். பற்கள் கடிக்கும் மட்டத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக் கோடு. உதட்டின் உட்புறத்தில் மணல் தூவியது மாதிரி மஞ்சள் புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகளாம். மேல் அண்ணத்தின் நடுவில் ஒரு எலும்புப் புடைப்பு, பலருக்கும் இருப்பது, ஒன்றும் செய்யாது. "இதெல்லாம் உங்களோடதுதாம்மா. வியாதி இல்ல."

இந்த ஒரு வாக்கியத்தின் அருமை எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. இந்த நோய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒவ்வொரு புள்ளியும் அதுவோ என்று தோன்றும். ரேடியேஷனில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் வற்றி, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாட்களில்கூட என் வாயில் எது எங்கே, எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு இல்லாவிட்டால் பயமே என்னைத் தின்றிருக்கும்.

கடைசியில் கண்ணாடியை நானேதான் அந்தப் பக்கம் திருப்பினேன். சிலேட்டில் "வெளுப்பா இருக்கே?" என்று எழுதிக் காட்டினேன். "கைத்தோல்தானேம்மா, அப்படித்தான் இருக்கும். அதுக்கு ருசி தெரியாது. இந்தா, மிச்சம் இருக்கற நாக்குக்குத் தெரியும்" என்று விரலால் சுட்டிக் காட்டினார். எந்த மருத்துவப் பதிவிலும் இதற்கு இடம் கிடையாது. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. தன் ஓய்வு நேரத்தில் செய்தார்.

மற்ற எல்லோருக்கும் ஒன்றாகவே கும்பிடு போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூர்மையான பல்லை ராவிவிட்டு, "இரண்டு வாரத்தில் இந்தப் புண் ஆறாவிட்டால் சதையெடுத்துச் சோதித்தே ஆகவேண்டும்" என்று சொல்லி, தானே போன் செய்து கூப்பிட்ட பல் டாக்டருக்கு. ரேடியேஷன் பட்ட தாடை எலும்பு பிறகு சரியாக ஆறாது என்பதால், கெட்டுப்போன பற்களை முன்கூட்டியே எடுத்து, ஃப்ளோரைடு ஜெல் வைக்கும் அச்சும் செய்து கொடுத்தவர்களுக்கு. மணிக்கணக்கில் நின்று அறுவைசிகிச்சை செய்தவர்களுக்கு. பேச்சுப் பயிற்சி தந்தவருக்கு: உதட்டில் பிறக்கும் ப, ம எனக்கு முதலில் திரும்பின, நாக்கு மடங்கிப் பிறக்கும் ட, ண, ள கடைசி வரை அடம்பிடித்தன, அவர் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு. என் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட சக ஊழியர்களுக்கு. என் எழுத்துக் கிறுக்கலை எனக்கு முன்னால் வாசித்துவிடும் என் மகளுக்கு.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று என் வாயை முழுதாகப் பார்ப்பேன்: நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கின் அடி, கன்னங்கள், ஈறு, அண்ணம். என்னைச் சேர்ந்தவர்களையும் பார்க்க வைப்பேன். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இவை எதற்கும் வலி இருந்தாக வேண்டும் என்பதில்லை. வலிக்கவில்லையே என்று யாராவது சொன்னால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைப்பேன். ஆபரேஷன் முடிந்து கண்ணாடி பார்க்கப் பயந்து படுத்திருப்பவர் யாராவது இருந்தால், அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

சிஸ்டர், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்களுக்கு எந்த ஷிஃப்ட் என்று வார்டில் கேட்டு வைத்திருக்கிறேன். என் பேச்சு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. இருந்தாலும் நேரில் நின்று, வாயைத் திறந்து சொல்லத்தான் வருகிறேன்.