ஆண் சுண்டெலியும் பெண் சுண்டெலியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். விண்வெளிக் கதிர்வீச்சு பெண் சுண்டெலிகளின் மூளையை ஒன்றும் செய்வதில்லையாமே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் படித்தது, கலிஃபோர்னியாவில் சூசன்னா ரோசியின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். புரோட்டான், ஹீலியம், ஆக்சிஜன் அயனிகளை, அதாவது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களை, அரை கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு மிகாமல் செலுத்தியபோது, ஆண் எலிகள் பிற எலிகளோடு பழகுவது குறைந்தது, பதற்றம் கூடியது, நினைவாற்றலும் மங்கியது; அதே கதிர்வீச்சைப் பெற்ற பெண் எலிகளிடம் இந்தக் குறைகள் தென்படவில்லை.

காரணத்தைத் தேடுவோரின் பார்வை, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவின் மீது விழுகிறது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2019-இல் வெளியான ஆய்வில், தலையில் கதிர்வீச்சு பட்ட ஆண் எலிகளுக்கு, நரம்பணுக் கிளைகளில் இணைப்புகளைத் தாங்கும் நுண்முட்கள் குறைந்தன. ஆனால் மைக்ரோகிளியாவில் உள்ள சிஆர்3 என்னும் ஏற்பியை, அதாவது வெளியிலிருந்து வரும் குறிப்புகளை உணரும் புரதத்தை, மரபணு நிலையிலேயே நீக்கியிருந்த ஆண் எலிகளுக்கு அந்த இழப்பு நேரவில்லை. பெண் எலிகளுக்கோ, ஏற்பி இருந்தும் அத்தகைய இழப்பு ஏற்படவில்லை. அப்படியானால் கதிர்வீச்சு நேரடியாகச் செய்யும் சேதத்தைவிட, அதற்குப் பின் ஆண் மூளை தன் மைக்ரோகிளியாவைக் கொண்டே தன்னைத்தானே அரித்துக்கொள்வதே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை வைத்துப் பெண்ணினம் தப்பித்தது என்று தீர்ப்பெழுத எனக்குத் துணிவில்லை. இரும்பு அயனிகளைப் பயன்படுத்திய சில சோதனைகளில் பெண் எலிகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. மனிதரிலும், ரத்தப் புற்றுநோய்க்காக மூளையில் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளில், அறிவுத்திறன் குறைவு சிறுமியரிடமே கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. கதிரின் வகை, அளவு, வயது ஆகியவற்றில் எது மாறினாலும் விடை புரண்டுவிடுகிறது.

நினைவாற்றலை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைப் பெட்டியில் வைத்து எலியைப் பழக்கி, பிறகு ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். நினைவுள்ள எலி புதியதை நெடுநேரம் முகரும், மறந்த எலி இரண்டையும் சமமாக முகரும். ஆண் ஆய்வாளரின் உடல் வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தரும் என்று 2014-இல் கண்டறிந்ததையும் சேர்த்துக்கொண்டால், இந்த எண்களை நிதானமாகவே நம்ப வேண்டும்.

விண்வெளி வீராங்கனைகளைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? நாசா 2022-இல், பணிக்காலம் முழுமைக்கும் 600 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடலுக்கு நேரக்கூடிய தீங்கை அளக்கும் அலகு) என்ற ஒரே வரம்பை இருபாலருக்கும் வகுத்தது. அது 35 வயதுப் பெண்ணின் புற்றுநோய் அபாயத்தைக் கொண்டு போட்ட கணக்கு. நினைவாற்றலைக் கொண்டு போட்டதன்று. நீங்கள் படித்த செய்தியில் எலிகளின் வயது குறிப்பிடப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்