சேகரனின் கேசட்

அன்புள்ள முருகேசனுக்கு,

பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றவன் ஆடி பிறந்த பிறகு எழுதுகிறேன். திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. சின்னவளுக்குத் திருச்சியில் இடம் கிடைத்துவிட்டது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? பெரியப்பா வீட்டு மைசூர்பாகு உனக்கு இனி ஆகாது, சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரமாக ஒரே ஒரு இசைக்குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் திஸ் ஹீட். 1976 தொடக்கத்தில் லண்டனில் காம்பர்வெல் பகுதியில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. 1982-இல் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆறு ஆண்டுகளில் இரண்டே ஆல்பம். முதல் ஆல்பத்தைப் போட்டதும் ஏதோ கேட்கிறதா இல்லையா என்று ஒலியைக் கூட்டுவாய். கூட்டிய கை எடுப்பதற்குள் டிரம்ஸும் கிதாரும் இடி விழுந்ததுபோல இறங்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்த மூன்று பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சார்லஸ் ஹேவர்ட் டிரம்ஸ்காரர், ஏற்கெனவே வேறொரு குழுவின் ஆல்பத்தில் வாசித்தவர். சார்லஸ் புல்லன் கிதார், கிளாரினெட், வயோலா மூன்றும் கையாண்டவர். இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ். ரெக்கார்டு கடையில் வேலை. எந்த வாத்தியமும் முறையாகக் கற்றதில்லை. அவருக்கு இருந்தது காது மட்டும்தான். அந்தக் காதை நம்பி அவரைச் சரிசமமாக உட்கார வைத்தார்கள். குழு தொடங்கிய அதே பிப்ரவரியில் மேடையும் ஏறிவிட்டார்கள்! பிறகு பிரிக்ஸ்டனில், இறைச்சியைக் குளிரில் வைக்கப் பயன்பட்ட பழைய அறை ஒன்றைப் பிடித்து, 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்று பெயர் வைத்து, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டார்கள். கேசட்டில் பிடித்த சத்தங்களையும் பாட்டுக்குள் சேர்த்தார்கள். டேப்பில் ஒரு துண்டை வெட்டி, வளையமாக ஒட்டி, அது சுற்றச் சுற்ற ஒரு முழுப் பாட்டையே அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

இப்போது உனக்கும் சேகரன் ஞாபகத்துக்கு வந்திருப்பான்.

ரைஸ் மில்லில் அவன் பிடித்துவந்த சத்தம் நினைவிருக்கிறதா? மோட்டார் பட்டையில் ஒட்டுப்போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு தட்டு விழும். "இந்தத் தட்டுக்கு நீங்கள் வாசியுங்கள், போதும்" என்று கெஞ்சினான். நாம் என்ன செய்தோம்? சுருதி தெரியாதவனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்டு, மைக் ஒயர் சுருட்ட வைத்தோம். நீ ஹார்மோனியத்தை மூடிவிட்டுச் சிரித்தாய். நான் உன்னைவிட உரக்கச் சிரித்தேன். மாரியம்மன் கோயில் கச்சேரிக்குப் பிறகு அவன் வரவே இல்லை. ஏன் என்று நாம் இருவரும் கேட்கவும் இல்லை. முப்பத்தாறு வருடமாகிறது, முருகேசா. அவன் அன்று கேட்டது சரியான கேள்வி. நமக்குத்தான் காது இல்லை.

கேரத் வில்லியம்ஸ் இரண்டாவது ஆல்பம் முடிந்ததும் குழுவை விட்டுவிட்டுக் கதகளி கற்க இந்தியாவுக்கு வந்துவிட்டார். நாம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்திருக்கிறார். 2001-இல் புற்றுநோயில் இறந்துபோனார். இதைப் படித்த இரவு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

சேகரன் திண்டுக்கல்லில்தான் இருக்கிறான். மச்சானிடம் முகவரி வாங்கிவிட்டேன். ஆவணி முதல் ஞாயிறு போகலாம், நீயும் வா. மறுப்புச் சொல்லாதே. அவனுடைய அந்த நீல உறைக் கேசட் உன் வீட்டுப் பரணில், ஹார்மோனியப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிடைத்தால் ஆர்வத்தில் ஓடவிட்டுப் பார்க்காதே. இத்தனை வருடத்தில் நாடா ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் அறுந்துவிடும். துணியில் சுற்றி அப்படியே எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
ராமு