சிறைப்பட ஏங்கிய படை அதிகாரிகள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தணிந்து மீண்டும் மாடி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது என் கணினியில் சில பழைய மௌனப் படங்களை ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். அவற்றுள் ஒன்றான, 1921இல் வெளிவந்த ‘லத்லாந்தித்’ என்னும் பிரெஞ்சுப் படத்தைப் பற்றி நான் எழுதியதற்குத்தான், காலனி ஆட்சியின் பகட்டுப் பொய்க்கு இந்த வயதில் மூன்று மணி நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் வரலாறு கற்பித்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். பொய் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆள்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட பொய் இது. ஆளப்பட்டவர்களிடம் சொன்ன பொய்யைவிட இது அவர்களை அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் படத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். பெல்ஜியத்தில் பிறந்தவரான இயக்குநர் ழாக் ஃபெய்தேர், அரங்கில் மணலைக் கொட்டி ஒப்பேற்றாமல், நடிகர்களையும் கருவிகளையும் அல்ஜீரியாவின் சகாராப் பகுதிக்கே அழைத்துச் சென்று மாதக்கணக்கில் படம்பிடித்தார். உட்புறக் காட்சிகளுக்கான அரங்கத்தைக்கூட அல்ஜியர்ஸ் நகரையொட்டிய பாப் எல் உவெத் பகுதியில் ஒரு பெரிய கூடாரத்துக்குள் அமைத்தார்கள். அதன் அலங்காரங்களை வரைந்தவர் ஓவியர் மனுவேல் ஒராசி. இத்தனை உழைப்புக்கும் பிறகு, படத்தில் ஒரே ஒரு பெரிய நடிகர்தான் இருக்கிறார், அது மணல் என்று விமர்சகர் லூயி தெலுக் கூறியது வெறும் கேலி என்று நான் நினைக்கவில்லை. ஒட்டக வரிசை ஒன்று மணல்முகட்டில் ஏறி மறைவதைப் படக்கருவி அசையாமல் நின்று பார்க்கும் இடங்களில் கதையே தேவையற்றதாகிவிடுகிறது. அந்தினேயா என்னும் பாலைவன அரசியாக வரும் ஸ்தாசியா நப்பியெர்கோவ்ஸ்கா திரைக்கு வந்ததும் அந்த மயக்கம் பாதி கலைந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்; கண்டவர் உயிரை விடும் பேரழகி என்று காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகள் முழங்க, நாமோ பட்டுத் திண்டுகளின்மேல் சாய்ந்திருக்கும் ஒரு நாடக நடிகையையே பார்க்கிறோம்.

கதை பியேர் பெனுவா 1919இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. அவருடைய தந்தை படை அதிகாரி. ஆகையால் அவர் வளர்ந்தது வட ஆப்பிரிக்காவில். கேப்டன் மொராஞ்ஜ், லெப்டினன்ட் சேன்தவி என்னும் பிரெஞ்சு அதிகாரிகள் இருவர் தெற்கு அல்ஜீரியாவின் ஹொக்கார் மலைப்பகுதிக்குப் போய், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் அரச குலத்தின் கடைசி வாரிசான அந்தினேயாவிடம் சிறைப்படுகிறார்கள். அவளை நேசித்து மாண்ட ஆண்களின் உடல்கள் உலோகம் பூசப்பட்டு ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. மொராஞ்ஜ் அவளை ஏற்க மறுக்கிறான். அவள் தூண்டுதலால் சேன்தவி தன் நண்பனையே சுத்தியலால் அடித்துக் கொல்கிறான். தனித்ஸெர்கா என்னும் பணிப்பெண்ணின் துணையோடு தப்புகிறான். அவள் வழியில் தாகத்தால் இறக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகு அந்த அரசியை மறக்க இயலாமல் அவன் மீண்டும் பாலைவனத்துக்கே திரும்புகிறான்.

இங்கேதான் உங்கள் வரலாற்றுக் கண் தேவைப்படுகிறது. பிரான்சு அல்ஜீரியாவுக்குள் புகுந்தது 1830இல். சகாராவைக் கடக்கும் இரயில் பாதைக்கு வழி பார்க்கச் சென்ற கர்னல் ஃபிளாத்தேரின் குழுவை, சகாராவின் நாடோடி மக்களான துவாரெக்குகள் 1881இல் அழித்தார்கள். 1902இல் தித் என்னும் இடத்தில் நடந்த மோதலில் ஹொக்கார் துவாரெக்குகள் தோற்றார்கள். அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்த துறவி ஷார்ல் த ஃபூக்கோ 1916 டிசம்பரில் தமன்ராசெத்தில் கொல்லப்பட்டார். பாலைவனத்தை அடக்கியவர் என்று போற்றப்பட்ட தளபதி லாப்பெரின், படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், விமானம் வழிதவறி விழுந்ததால் அதே மணலில் உயிர்விட்டார். இவற்றுள் பிற்பட்டவை படம் பார்க்க வந்த பாரிஸ் மக்களுக்குப் பழங்கதைகள் அல்ல, செய்தித்தாளில் படித்தவை. அப்படியிருக்க, திரையில் வரும் அதிகாரிகள் எவரையும் வெல்ல வரவில்லை. மொராஞ்ஜ் பழைய கல்வெட்டுகளைத் தேடும் பக்திமானாகவே வருகிறான். துப்பாக்கியோடு நுழைந்தவன் கைதி, நிலத்துக்கு உரியவள் கொடுங்கோலரசி என்று உறவு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. பிடித்தவன் தன்னைப் பிடிபட்டவனாகக் கற்பனை செய்துகொண்டால், கணக்குக் கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகிறது அல்லவா? முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்த நாட்டில், பதுங்குகுழியின் சேற்றில் சாகாமல் காதலால் செத்துச் சிலையாகும் படைவீரன் என்ற கனவுக்கு இருந்த ஈர்ப்பையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அதே 1921இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி ஷேக்’ படத்தை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். ருடால்ஃப் வாலன்டினோ ஆங்கிலப் பெண் ஒருத்தியைக் கூடாரத்துக்குக் கடத்திச் செல்லும் அந்தப் படம் கலையளவில் இதற்கு உறை போடக் காணாது. ஆயினும் ஒரு செய்தியில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அந்தப் படத்தின் முடிவில் ஷேக் அரபியனே அல்லன், ஆங்கிலத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்தவன் என்று தெரியவருகிறது. உடனே காதல் குற்றமற்றதாகிவிடுகிறது. அந்தினேயாவுக்கும் பிளாட்டோ எழுதிய அட்லாண்டிஸின் வழியாக ஒரு கிரேக்க வேர் தேடித் தருகிறார்கள். காதலிக்கத் தகுந்தவர் எவராயினும் அவர் அந்த மண்ணுக்குரியவராக இருந்துவிடக் கூடாது.

அந்த மண்ணிலோ உண்மையான அரசி ஒருத்தி இருந்தாள். ஹொக்கார் துவாரெக்குகள் தங்கள் குலத்தாயாகப் போற்றும் தின் ஹினான், மேற்கே மொரோக்கோவின் தஃபிலால்த் பகுதியிலிருந்து தன் தோழியோடு வந்தவள் என்பது மரபு. அவளுடையதென்று மக்கள் காட்டிவந்த அபலேஸ்ஸா கல்லறையை 1925இல் பைரன் த ப்ரோரோக் என்பவர் தோண்டியபோது, பொன், வெள்ளி வளையல்கள் அணிந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்த மக்களிடையே முகத்தை மறைப்பவர்கள் ஆண்கள். தலைமை உரிமை தாய்வழியே சென்றது. வில்லால் இழைத்து வாசிக்கும் இம்ஸாத் என்னும் ஒற்றை நரம்புக் கருவியை இசைப்பவர்கள் பெண்களே. படம் எடுக்கப்பட்ட காலத்தில் ஹொக்காரின் தலைவராக இருந்த மூசா அக் அமஸ்தான், 1910இல் பிரான்சுக்குப் போய்வந்தவர். அவர் தாசின் என்னும் கவிஞரை நேசித்தார் என்றும், இம்ஸாத் இசைப்பதில் பெயர்பெற்ற அந்தப் பெண் அவரை மணக்க மறுத்துவிட்டார் என்றும் சொல்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக்குப் பணிந்த தலைவர், அவருக்குப் பணியாத கவிஞர்! பாலைவனக் காதல் கதை வேண்டியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்து ஒருவரும் அதைப் படமாக்கவில்லை.

பிரிவைப் பாடும் நம் பாலைத் திணையோடு இப்படத்தை ஒப்பிட்டு எழுதியிருந்தீர்கள். அதில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். பொருள்தேடிச் சுரம் கடக்கும் நம் தலைவனுக்கு மனம் முழுவதும் வீட்டிலிருப்பவளிடம் இருக்கிறது. திரும்பி வருவதே அவன் நோக்கம். சேன்தவிக்குத் திரும்பிப் போக வேண்டிய வீடு என்று ஒன்று படத்தில் இல்லவே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மௌனப் படத்தில் எல்லோருடைய உதடுகளும் ஒன்றுபோலவே அசைகின்றன. எவருடைய பேச்சு எழுத்து அட்டையாக வேண்டும் என்பதைத் தயாரித்தவர்களே முடிவு செய்கிறார்கள். அதிகாரிகளை அரசியிடம் கொண்டு சேர்க்கும் துவாரெக் வழிகாட்டியாக அப்தெல் காதர் பென் அலி என்பவர் நடித்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மற்றவர்கள் கண்ணை உருட்டி நடிக்கும் இடங்களில் அவர் சும்மா நிற்கிறார். நம் கண் அவரிடமே போகிறது.

அடுத்த மாதம் இங்கு வரும்போது இரண்டு மாலைகளாகப் பிரித்துப் பார்ப்போம். தொடக்கப் பகுதி சற்று மந்தமானது. அங்கே நீங்கள் உறங்கினாலும் குற்றமில்லை, பாலைவனப் பயணம் தொடங்கும்போது எழுப்பிவிடுகிறேன். ஃபிளாத்தேர் குழுவைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் குறிப்பேட்டை மறவாமல் கொண்டுவாருங்கள். அண்ணிக்கு என் வணக்கங்கள்.

என்றும் அன்புடன்,
வேலாயுதம்