பேத்தியைப் பார்க்க ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரப்பிள்ளைகள் மீது தாத்தா பாட்டிக்கு உள்ள உரிமை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் கடற்கரையில் பேரப்பிள்ளையைப் பார்க்க முடியாமல் போவது பல வீடுகளின் வேதனை.

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் தகப்பன் கடலுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போய்விட, பிள்ளையை வளர்ப்பது பல வீடுகளில் அம்மாச்சிதான். எங்கள் தெருவிலும் ஒரு அம்மாச்சி பேத்தியை அப்படித்தான் வளர்த்தார். மகள் இறந்த பிறகு மருமகன் மறுமணம் செய்துகொண்டு, பிள்ளையோடு திருப்பூர் போய்விட்டார். இப்போது போன் செய்தாலும் எடுப்பதில்லை. "பார்க்கக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்கிறார்.

2007-ஆம் ஆண்டு முதியோர் சட்டப்படி, வளர்ந்து ஆளான பேத்தியிடம் அவர் ஜீவனாம்சம் கேட்கலாம். அதே பேத்தி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது போய்ப் பார்க்க, தனியாக ஒரு சட்டப்பிரிவு இல்லை. தாத்தா பாட்டியோடு பிள்ளை இருக்க வேண்டிய நேரத்துக்கும் இந்தியச் சட்ட ஆணையம் 2015-லேயே தன் 257-வது அறிக்கையில் வழிகாட்டுதல் சொன்னது. அது சட்டமாகாமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, இருக்கிற வழி என்ன? கார்டியன் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பிள்ளையை யார் வைத்துப் பார்ப்பது என்பதற்காக எந்த மதத்தவரும் மனு போடலாம். நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனைத்தான். கொரோனாவில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவனை உயர் நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் கொடுத்திருந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்து அவர்களை ஒதுக்க முடியாது என்றது. ஆனால் தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளையையே தங்களிடம் ஒப்படைக்கக் கேட்பது கடினம். பார்த்துவர அனுமதி கேட்பதுதான் நடக்கக்கூடியது.

அப்புறம் அலைச்சல். பிள்ளை எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராமேஸ்வரத்திலிருந்து திருப்பூர் போக வேண்டுமானால், விசைப்படகில் கூலிக்குப் போகும் தாத்தாவுக்குக் கடலுக்குப் போகும் நாளும் போகும், கூலியும் போகும். இப்படிப்பட்ட வழக்குகளில் முதியவர்களைக் காணொலி வழியாக ஆஜராக விட வேண்டும். சந்திக்கும் நாட்களைக் குறிக்கும்போது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தையும் நீதிபதிகள் கணக்கில் கொள்ளலாம். பள்ளிக் கோடை விடுமுறையும் அதற்குள்தானே வருகிறது.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். எங்கள் தெரு அம்மாச்சிக்கு இது தெரியவே தெரியாது. இந்த இலவச உதவியைத் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தடைக்காலத்தில் கடலோர ஊர்களில் இதற்கென்றே முகாம் நடத்த வேண்டும். அப்போதுதான் ஆண்களும் கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.