எல்லை வரையும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சி.டி. படங்களில் உறுப்புகளின் எல்லையைத் தானாக வரையும் மென்பொருளில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாக நீ சொன்னதிலிருந்து, கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் அந்த எல்லைகளைக் கையாலேயே வரைந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் உனக்குச் சிலவற்றை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் முதல் பேருந்தில் பாளையங்கோட்டைக்கு வரும் வாய்ப்புற்று நோயாளிகளுள் ஒருவருக்கு, தலை கழுத்துப் பகுதியின் ஒவ்வொரு வெட்டுப்படத்திலும் தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடையெலும்பு, குரல்வளை என்று தனித்தனியே வரைந்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அது முடியாமல் சிகிச்சைத் திட்டம் போட முடியாது. ஆகவே உன் துறையின் வளர்ச்சியை நான் மனதார வரவேற்கிறேன். 2015-ல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தினர் படங்களில் எல்லை பிரிக்கும் யு-நெட் என்ற கணினி முறையை வெளியிட்டபோது, வெறும் 30 நுண்ணோக்கிப் படங்களைக் கொண்டு அதைப் பயிற்றுவித்துக் காட்டினார்கள். 2023-ல் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையினர் வெளியிட்ட டோட்டல்செக்மென்டேட்டர் என்ற மென்பொருள், 1,204 சி.டி. படத்தொகுப்புகளைக் கொண்டு உருவாகி, உடலின் 104 பகுதிகளைப் பிரித்துக் காட்டியது. மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடிவது எங்கள் காலத்தில் நினைத்துப் பார்க்காத ஒன்று.

ஆனால் நீங்கள் எல்லாரும் நம்பியிருக்கும் டைஸ் மதிப்பெண் எனக்குக் கவலை தருகிறது. மருத்துவர் வரைந்த பரப்பும் கணினி வரைந்த பரப்பும் முழுமையாகப் பொருந்தினால் அது 1. கல்லீரல் போன்ற பெரிய உறுப்பில் ஓரிடத்தில் மட்டும் கோடு ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் அந்த எண் அநேகமாக அசையாது. விலகிய இடம் கட்டியை ஒட்டியிருந்தால் நோயாளிக்கு அதுவே பெரும் கேடு. காதுக்குக் கீழுள்ள பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்விளிம்பை எண்ணிப் பார். கட்டிக்குக் கொடுக்கும் கதிரின் அளவு அவ்விடத்தில் சில மில்லிமீட்டருக்குள் செங்குத்தாகக் குறைகிறது. கோடு பிசகிச் சுரப்பி கூடுதல் கதிரை வாங்கிக்கொண்டால், அந்த மனிதர் பிறகு ஒவ்வொரு கவளம் சோற்றையும் தண்ணீர் குடித்தே விழுங்க வேண்டியிருக்கும்.

மேலும் நம் ஊர் நோயாளிகளுள் பலர் அறுவை முடிந்த பிறகே கதிர்வீச்சுக்கு வருகிறார்கள். தாடையின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, அங்கே மார்புத் தசை வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். தாடைக்கீழ்ச் சுரப்பியும் நீக்கப்பட்டிருக்கலாம். இயல்பான உடற்கூற்றை மட்டுமே கற்ற மென்பொருள், தூர்ந்துபோன கிணற்றைப் பழைய வரைபடம் இன்னும் காட்டுவதுபோல, இல்லாத சுரப்பிக்கும் எல்லை வரைந்துவிடக்கூடும். பல்லில் அடைத்த உலோகத்தால் படத்தில் கீற்றுகள் விழுந்திருந்தால் அருகிலுள்ள விளிம்புகளையும் நம்புவதற்கில்லை. கோடு எப்போதும் வழவழப்பாக இருப்பதால், களைத்த மருத்துவர் அதைத் திருத்தாமல் ஒப்புக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஆகவே சோதனை முடிவுகள் வந்ததும், சராசரியைப் பார்ப்பதற்கு முன்பே, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற படங்களை ஒவ்வொரு வெட்டாகத் திறந்து பார். எல்லைகளுக்கிடையே உள்ள மிகப் பெரிய விலகலை மில்லிமீட்டரில் தனியே எழுதச் சொல். அறுவை முடிந்தவர்களின் படங்கள் உங்கள் பயிற்சித் தொகுப்பில் எத்தனை உள்ளன என்று உன் மேலாளரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை