இடது கைக்கு மட்டும்

பாளையங்கோட்டை
வியாழன் ராத்திரி

மாப்ளே,

நல்லா இருக்கியா, தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானா? இங்கே எல்லாரும் சுகம், சாரல் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, ஆற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது. நீ பொங்கலுக்கு எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. அதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை, வரும்போது நேரில் திட்டிக்கொள். இப்போது எழுதுவது நம்ம ரிப்பனுக்காக.

ரிப்பன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்றோடு பன்னிரண்டு நாள். பதறாதே, பேசுகிறான், இட்லி சாப்பிடுகிறான், பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டைகூடப் போட்டுவிட்டான். அந்த இருமல் இரண்டு வருஷமாக இருந்தது உனக்குத் தெரியும். டி.பி. என்று யாரோ சொல்ல ஆறு மாசம் மாத்திரை தின்றான், ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். சிலிக்கோசிஸ். நான் அதை எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்கிறேன், அவன் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து, "ஏல, இது நம்ம வார்த்தையோட தலையும் வாலும் வெட்டினதுல்லா" என்றான்.

உனக்குப் புரிந்திருக்கும். டைப்ரைட்டிங் கிளாஸில் மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில் அந்த மூலை ஹால்டா மிஷினில் நீதான் முதலில் அடித்துக் காட்டினாய், நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்காபிக் சிலிக்கோ வால்கனோ கோனியோசிஸ், இடையில் ஸ்பேஸ் பாரைத் தொடாமல், மொத்தம் 45 எழுத்து. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று மாஸ்டர் போடும் கணக்கில் அது ஒன்றே ஒன்பது வார்த்தை ஆகிவிடும், ஹையர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடிக்கத் திணறிக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய லாபமாகத் தெரிந்தது. அதில் ஓ மட்டும் ஒன்பது தடவை வரும். வலது கை மோதிர விரல் கடுக்கிறது என்று ரிப்பன் மசித்தடம் பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றானே, அன்றைக்குத்தானே அவனுக்கு இந்தப் பெயரே வந்தது.

நீளத்துக்காகவே கட்டின வார்த்தை அது. 1935-ல் அமெரிக்காவில் புதிர்க்காரர்கள் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர் கட்டியது, பிறகு அகராதிக்கும் போய்விட்டது. நுரையீரல், கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம், சிலிக்கா, எரிமலை, தூசி என்று ஒவ்வொரு பெட்டியாகக் கோத்த ரயில். நாம் அதை நோயாக ஒருநாளும் நினைத்ததில்லை மாப்ளே. எரிமலை இருக்கிற ஊர்க்காரனுக்கு வருகிற ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டோம். எரிமலைக்குப் பதிலாக அங்கே கல்லுடைக்கிற ஒரு கிரஷரை வைத்தால் ரிப்பனின் இருபத்தி மூன்று வருஷம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் அவன் அங்கே கணக்கெழுதத்தான் போனான். புக்கீப்பர். இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ, மூன்று ஜோடியும் அடுத்தடுத்து வருகிற வேலை எனக்குத்தான் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்புறம் ஆள் பற்றாக்குறை என்று எடைமேடைக்கு அனுப்பினார்கள், அப்புறம் கிரஷர் பக்கத்திலேயே நின்று சல்லி லோடு பார்க்கச் சொன்னார்கள், அங்கேயே நின்றுவிட்டான். கல்லை உடைக்கும்போது தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தால் பாதித் தூசி எழும்பாது, அது முதலாளிக்கும் தெரியும். தண்ணி லாரிக்குக் காசு கொடுக்க மனசில்லாமல், தலைக்கு ஒரு துண்டைக் கொடுத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். துண்டா தடுக்கும் அந்தத் தூசியை? உள்ளே போய்ப் படிந்த இடத்தில் நுரையீரல் தழும்பாகிவிடுகிறது, அந்தத் தழும்பு திரும்ப ஆறாது, மேலே கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ரிப்பனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கோபம் ஆறவில்லை மாப்ளே, ராத்திரி படுத்தால் அந்தத் துண்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, இதைச் சொல்லிப் புலம்ப மட்டும் எழுதவில்லை. உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. பேசாமலும் அவனால் இருக்க முடியாது. திங்கட்கிழமை வலது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவன் இடது கை விரல் போர்வைமேல் எதையோ தட்டிக்கொண்டே இருந்தது. உற்றுப் பார்த்தேன், டைப் அடிக்கிறான்! என்னலே என்று கேட்டதற்கு, இடது கையாலேயே முழுசாக அடிக்கிற வார்த்தையாகச் சொல்லு என்றான். நான் ஸ்டூவர்டெசஸ் என்றேன், 12 எழுத்து, அது மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் அதைத் தட்டி முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தான். வார்டு. பெட். ரெஸ்ட். ஃபீவர். வாட்டர். டீ. அத்தனையும் இடது கை. "ஆஸ்பத்திரி பூராவும் ஒரு கைக்குள்ளதாம்ல இருக்கு" என்று சிரித்தான், சிரித்து இருமி, நர்ஸம்மா வந்து என்னை ஏசிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பிடித்தது மாப்ளே. சாயங்காலம் ஆனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வார்த்தையோடு போய் நிற்கிறேன். எக்ஸாஜரேட்டட் கொண்டுபோனேன், 11. ரிவெர்பரேட்டட், 12. மேல்வரிசையை மட்டும் வைத்து அடிக்கிற வார்த்தைகளைக் கேட்டான், டைப்ரைட்டர் என்கிற வார்த்தையே அப்படித்தான் என்பது நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் மாஸ்டர் பெயருக்குக் கீழே போர்டில் இருந்த ப்ரொப்ரைட்டரும் அதே மேல்வரிசையில் அதே 10 எழுத்து என்பதை இத்தனை வருஷம் கழித்து ரிப்பன்தான் கண்டுபிடித்தான். நடு வரிசையில் உயிரெழுத்து ஏ மட்டும்தான், அதனால் ஆல்ஃபால்ஃபா, அதுதான் நம்ம குதிரைமசால், ஏழு எழுத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. கீழ்வரிசையில் உயிரே கிடையாது, வார்த்தையும் கிடையாது. இங்கிலீஷின் ஐந்து உயிரெழுத்தும் வரிசை மாறாமல் வருகிற ஃபசீஷியஸைச் சொன்னேன். அவன் கண்ணை மூடி ரொம்ப நேரம் இருந்தான், தூங்கிவிட்டான் என்று எழுந்தேன், சப்கான்டினென்டல் என்றான். எழுதிப் பார், யூ, ஓ, ஐ, ஈ, ஏ, அப்படியே தலைகீழ். அன்றைக்கு ஒரு எழுத்தும் திரும்ப வராத நீளமான வார்த்தை என்று அன்காப்பிரைட்டபிள் கொண்டுபோயிருந்தேன், 15 எழுத்து, ஐந்து உயிரும் அதற்குள் அடக்கம், அதைக் கொடுக்கவே எனக்கு மனசு வரவில்லை, அவன் ஜெயித்த நாளாகவே இருக்கட்டும் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் வேலையற்ற வேலை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1939-ல் அமெரிக்காவில் ஒருவர் ஈ என்ற எழுத்தே வராமல் 50,000 சொல்லுக்கு மேல் ஒரு நாவல் எழுதினார், தவறிக்கூட விரல் போய்விடக் கூடாது என்று டைப்ரைட்டரில் ஈ விசையைக் கட்டிப் போட்டுவிட்டு எழுதினார். ரிப்பனிடம் இதைச் சொன்னதும், "அவன் விசையைக் கட்டினான், நம்ம ஊர்ல உதட்டையே கட்டியிருக்கான்லா" என்றான். சிந்துபூந்துறையைச் சொல்கிறான். ஜங்ஷனுக்குப் பின்னால் நாம் குளிக்கப் போன அதே துறைதான். அங்கே இருந்த வெள்ளியம்பலத் தம்பிரானிடம் சிவப்பிரகாசர் படிக்க வந்தபோது, கு என்று தொடங்கி கு என்று முடித்து நடுவில் ஊருடையான் என்று வரப் பாடு என்று அவர் சோதித்ததாகவும், இவர் அங்கேயே ஒரு வெண்பாவைப் பாடி உலகு என்று முடித்ததாகவும் சொல்வார்கள். பிறகு வாத்தியாரை மதிக்காத ஒரு புலவரோடு திருச்செந்தூரில் போட்டி, அதில் பாடியதுதான் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. யோசித்துப் பார், செந்தூர்க் கோயிலைப் பாட வேண்டும், முருகன் என்று சொல்ல முடியாது, வேலன் இல்லை, குமரன் இல்லை, மயில் இல்லை, வள்ளி இல்லை! இத்தனையும் போன பிறகு கந்தனும் செந்திலும் கைக்கு மிஞ்சுகிறது, அதை வைத்துப் பாடி ஜெயித்திருக்கிறார். ரிப்பனுக்கு மாஸ்க் மாட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்தே, யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன், 341-வது குறளை மெதுவாகச் சொல்லிக் காட்டினான், உதடு ஒட்டுகிறதா பார் என்று. ஒட்டவில்லை. அதன் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஊசியை மூன்று நாளைக்கு ஒரு தடவை கை மாற்றிக் குத்துகிறார்கள். இன்றைக்கு இடது கைக்கு மாற்றிவிட்டார்கள், வலது கை காலி. வலது பக்கம் ஏயும் ஈயும் இல்லை, எஸ், டி, ஆர் எதுவும் இல்லை, வார்த்தை சுருங்கிப் போகிறது. பம்ப்கின் கொடுத்தேன், லாலிபாப் கொடுத்தேன், மோனோப்பலி கொடுத்தேன், பாலிஃபோனியோடு 9-ல் வந்து நிற்கிறேன். உனக்கு அந்தக் காலத்திலேயே அகராதி மனப்பாடம், பூனாவில் பெரிய லைப்ரரி பக்கத்தில்தான் வீடு என்று பீற்றிக்கொள்வாயே, போய் உட்கார்ந்து தேடு. ஒய், யூ, ஐ, ஓ, பி, ஹெச், ஜே, கே, எல், என், எம், இந்தப் பதினொன்றுக்கு வெளியே ஒரு எழுத்து வரக் கூடாது, 9-க்கு மேல் இருக்க வேண்டும். போனில் சொல்லாதே, ஒரு கார்டில் பெரிய எழுத்தாக எழுதி அவன் வீட்டு முகவரிக்குப் போடு, நான் எடுத்துக்கொண்டு போகிறேன். தபால்காரர் கொண்டுவந்தது என்று தெரிந்தால் அவனுக்கு இன்னும் பிடிக்கும்.

முடிந்தால் ரிசர்வேஷனும் போடு. தள்ளிப் போடாதே மாப்ளே.

உன்
சுப்பு