கார் பணம் வந்துவிட்டது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றுதான் பேங்கில் கார் இன்சூரன்ஸ் பணம் ஏறியது, உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். மிக்ஜாம் புயலன்று, டிசம்பர் 4ஆம் தேதி, வேளச்சேரியில் எங்கள் பார்க்கிங்கில் ஏறிய தண்ணீர் வடிய இரண்டு நாளாயிற்று. கார் கதவைத் திறந்தால் மிதியடி முழுக்கச் சேறு, ஸ்டியரிங்குக்குக் கீழே தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று சாவியைப் போட்டேன், திருப்பவில்லை; அதற்குள் எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணன் மாடியிலிருந்தே கத்தித் தடுத்துவிட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அப்புறம் இது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்களே உண்டாக்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எஞ்சின் செலவைத் தள்ளிவிடுவார்கள் என்றார். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வர ஒன்பது நாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டார்ட் பண்ணீங்களா?" இல்லை என்றேன். அப்படியும் எஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் எஞ்சின் புரொடெக்‌ஷன் எடுக்கவில்லை என்று சொல்லி எஞ்சின் கணக்கை மொத்தமாக அடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பாலிசியிலேயே வெள்ளம், புயல் என்று அச்சடித்திருக்கிறது, எஞ்சினைப் பிரித்தபோது ராடு நேராகத்தான் இருந்தது, ஒர்க்‌ஷாப்பில் எடுத்த போட்டோவும் இருக்கிறது. போனில் பேசுவதை விட்டுவிட்டு, எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு மெயில் போட்டேன், 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் தேனாம்பேட்டை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீசுக்குப் போவேன் என்றும் எழுதினேன், அங்கே கட்டணம் கிடையாது. மூன்றாவது வாரம் இறங்கி வந்தார்கள். 1,86,000 எஸ்டிமேட்டில் 1,31,000 கிடைத்தது. தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்ப்பு இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றிலும் பாதி போய்விட்டது, அது விதிதான், சண்டை போடவில்லை.

தூத்துக்குடி வெள்ளத்தில் மூழ்கிய உன் மச்சான் கார் இன்னும் ஷெட்டிலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, இத்தனை நாள் ஏன் விட்டார்? இன்றைக்கே கிளெய்ம் நம்பர் வாங்கச் சொல். யாரும் சாவியைத் திருப்ப வேண்டாம், பேட்டரி வயரைக் கழற்றி வைக்கட்டும், கழுவுவதற்கு முன்னால் சேற்றோடு போட்டோ எடுக்கட்டும். பாலிசியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.